பூட்லோடர் லாக், டீபக் செய்திகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்டுக்கு கரண்ட் கொடுத்ததிலிருந்து கெர்னல் கைக்கு வரும் வரை உள்ள சில வினாடிகளில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நமக்கு இருப்பது பெரும்பாலும் ஒரு சீரியல் வயர்தான். அதில் வரும் எழுத்துகளை எப்படி வாங்குவது, எவ்வளவு நம்புவது, எப்போது நம்பக்கூடாது என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் யு-பூட் என்ற பூட்லோடரை (கெர்னலை மெமரியில் ஏற்றி ஓடவிடும் புரோகிராம்) வைத்துத்தான் பேசுகிறேன். மற்ற ஃபர்ம்வேர்கள் மாறுபடும் இடங்களில் அதையும் சொல்கிறேன்.

சாதாரண புரோகிராமில் பிரிண்ட்எஃப் போடுவதுபோலத்தானே இதுவும்? ஏன் இவ்வளவு சிக்கல்?

சாதாரண புரோகிராம் ஒரு வரி அச்சிடும்போது அதற்கு அடியில் மெமரி, கெர்னல், டிரைவர், டெர்மினல் எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். பூட்லோடர் கண் விழிக்கும் நேரத்தில் இது எதுவும் இல்லை. டி-ராம் (போர்டின் முக்கிய மெமரி) எழுந்திருக்காது, கிளாக் முழு வேகத்துக்கு வந்திருக்காது, யுஆர்ட் (சீரியல் வயரில் எழுத்துகளை அனுப்பும் ஹார்டுவேர்) பின்கள் வேறு எதற்கோ திருப்பப்பட்டிருக்கலாம். எந்த ஹார்டுவேரை எழுப்பப் போகிறோமோ அதையே நம்பித்தான் அச்சிட வேண்டியிருக்கிறது.

அப்புறம், "பூட்லோடர்" என்பது ஒரே புரோகிராமும் அல்ல. சிப்புக்குள் இருக்கும் ரோம் கோட், அது ஏற்றும் எஸ்பிஎல் (யு-பூட்டின் சிறிய முதல் கட்டம்), ஆர்ம் 64 பிட் போர்டு என்றால் நடுவில் டிரஸ்டட் ஃபர்ம்வேர் (ஆர்மின் பாதுகாப்பு ஃபர்ம்வேர்), அதன் பிறகுதான் முழு யு-பூட். ஒவ்வொன்றும் தனி பைனரி, ஒவ்வொன்றுக்கும் தனி லாக் அமைப்பு. யு-பூட்டில் லெவலை ஏற்றிவிட்டு எஸ்பிஎல் ஏன் இன்னும் வாய் திறக்கவில்லை என்று அரை நாள் தேடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எஸ்பிஎல்லுக்கு மெனுகான்ஃபிகில் (பில்ட் ஆப்ஷன்களை அமைக்கும் மெனு) வேறு வரி இருக்கிறது, அதைத்தான் மாற்ற வேண்டும்.

வயரை இணைத்துவிட்டேன். ஒன்றுமே வரவில்லை, அல்லது குப்பை எழுத்தாக வருகிறது.

ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் கிரவுண்ட். அது இல்லாமல் மற்ற இரண்டு வயரும் பயனில்லை. அடுத்து, போர்டின் டிஎக்ஸ் (அனுப்பும் பின்) உங்கள் யுஎஸ்பி-சீரியல் கன்வர்ட்டரின் ஆர்எக்ஸுக்கு (வாங்கும் பின்) போக வேண்டும், மாறி மாறி. பிறகு வோல்டேஜ்: இன்றைய போர்டுகளில் 3.3 அல்லது 1.8 வோல்ட். பழைய ஆர்எஸ்-232 போர்ட்டை நேரடியாகச் செருகினால் அதன் மின்னழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழும் மேலும் பல வோல்ட் போய்வரும், சிப் போய்விடும். கன்வர்ட்டரின் மின்சப்ளை பின்னை இணைக்கவே வேண்டாம், போர்டுக்குத் தன் சொந்த சப்ளை இருக்கிறது.

இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. போர்டை அணைத்த பிறகும் கன்வர்ட்டரின் டிஎக்ஸ் வயர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். சில சிப்புகள் அதனால் முழுக்க இறங்காமல் அரை உயிரில் நிற்கும், அடுத்த தடவை ஆன் செய்யும்போது விநோதமாக நடந்துகொள்ளும். "சில சமயம் மட்டும் பூட் ஆகவில்லை" என்ற புகார் வந்தால் அந்த வயரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை பாருங்கள்.

குப்பை எழுத்து வந்தால் அது ஏறக்குறைய எப்போதும் வேகப் பிரச்சினைதான். 115200 என்பது பொது வழக்கம், ஆனால் எல்லாரும் அதைப் பின்பற்றுவதில்லை. ராக்சிப் போர்டுகள் பலவற்றில் 1500000. இஎஸ்பி8266 சிப்பின் ரோம் செய்திகள் 74880 என்ற விசித்திர எண்ணில் வரும். அதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது: ரோம் கோட் 40 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருப்பதாக நினைத்து 115200-க்கு எண்களைப் போடுகிறது, போர்டில் இருப்பதோ 26 மெகாஹெர்ட்ஸ். 115200-ஐ 26-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் சரியாக 74880. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேகம் தவறாக வந்தால், எந்தக் கிளாக்கை கோட் தவறாக நினைத்திருக்கிறது என்பதை இதே விகிதத்தில் பின்னோக்கிக் கண்டுபிடிக்கலாம்.

திரையில் "சி" என்ற ஆங்கில எழுத்து மட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தால் அது குப்பை அல்ல. பீகிள்போனில் இருக்கும் ஏஎம்335எக்ஸ் போன்ற சிப்புகளின் ரோம், வேறு எங்கும் பூட் கிடைக்காமல், எக்ஸ்மோடம் என்ற சீரியல் ஃபைல் அனுப்பும் முறை வழியாக கோடை அனுப்பச் சொல்லி உங்களைக் கூப்பிடுகிறது. சீரியல் நன்றாக இருக்கிறது, எஸ்டி கார்டைத்தான் பார்க்க வேண்டும்.

கன்சோல் எழுவதற்கு முன்பே செத்துவிடுகிறது. அப்போது எப்படிப் பார்ப்பது?

யு-பூட்டில் டீபக் யுஆர்ட் என்று ஒரு வசதி இருக்கிறது, இதற்காகவே செய்தது. வழக்கமான டிரைவர் அமைப்பு எதையும் எதிர்பார்க்காது. யுஆர்ட்டின் முகவரி, அதற்கு வரும் கிளாக்கின் வேகம் இரண்டையும் மெனுகான்ஃபிகில் எண்ணாகக் கொடுத்துவிட்டால், டிவைஸ் டிரீ (போர்டில் என்ன ஹார்டுவேர் இருக்கிறது என்ற விவரம்) படிக்கப்படுவதற்கு முன்பே ஒற்றை எழுத்தையோ ஒரு ஹெக்ஸ் எண்ணையோ வெளியே தள்ள முடியும். பின்மக்ஸை (எந்தப் பின் எந்த வேலைக்கு என்ற அமைப்பு) மட்டும் நீங்களே போர்டு கோடில் அமைத்துக்கொடுக்க வேண்டியிருக்கலாம். அறிவிப்பு ஆப்ஷனையும் இயக்கிவிடுங்கள். அது எழுந்ததும் தன் பெயரை அச்சிடும், அந்த ஒரு சொல் வந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

அதுவும் முடியாத நிலையில் ஒரு ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டு) பின்னை எடுத்து மேலே கீழே ஆட்டுங்கள். எல்இடி போதும், லாஜிக் அனலைசர் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு தடவை ஆட்டினால் கிளாக் தாண்டியது, இரண்டு தடவை என்றால் டி-ராம் தாண்டியது என்று வைத்துக்கொள்ளலாம். பிசி உலகில் ஹெக்ஸ் 80 என்ற போர்ட்டுக்கு ஒரு பைட் எழுதுவது இதே காரணத்துக்காகத்தான் இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது, கோர்பூட் என்ற ஃபர்ம்வேரும் அதைப் பயன்படுத்துகிறது.

ராஸ்பெர்ரி பை 4-இல் யு-பூட்டுக்கு முந்தைய கட்டமும் பேச வேண்டும் என்றால் அதன் இஇப்ராம் அமைப்பில் பூட் யுஆர்ட் என்பதை 1 ஆக்குங்கள்.

லாகில் கடைசி வரி இதுதான். அப்போது அதற்கு அடுத்த வரியில்தானே பிழை?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். திரையில் கடைசியாகத் தெரிந்த வரியும் பிராசஸர் கடைசியாக ஓட்டிய வரியும் ஒன்றல்ல.

கோட் ஒரு எழுத்தை "அனுப்பினேன்" என்று சொல்லும்போது உண்மையில் அது யுஆர்ட்டின் ஃபிஃபோவில் (அனுப்பக் காத்திருக்கும் எழுத்துகளின் வரிசை) போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 16550 வகை யுஆர்ட்டில் அந்த ஃபிஃபோ 16 பைட். 115200 வேகத்தில் ஒரு எழுத்து வயரில் போக ஏறக்குறைய 87 மைக்ரோ வினாடி, 16 எழுத்துக்கு 1.4 மில்லி வினாடி. ஒரு கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கு அது 14 லட்சம் கிளாக் சுற்று. அந்த இடைவெளியில் கோட் பல டிரைவர்களைத் தாண்டிப் போயிருக்கலாம், அப்போது ரீசெட் விழுந்தால் ஃபிஃபோவில் இருந்தது அப்படியே காணாமல் போகும்.

இதிலிருந்து ஒரு நல்ல துப்பு கிடைக்கிறது. கோட் எங்கேயோ லூப்பில் மாட்டிக்கொண்டு தொங்கினால், ஃபிஃபோ பாட்டுக்கு வடிந்து முடிக்கும், வரி முழுதாக வரும். வரி ஒரு சொல்லின் நடுவில் அறுந்தால் அது தொங்கல் அல்ல: ரீசெட், கிளாக், பின்மக்ஸ், மின்சப்ளை, இவற்றில் ஏதோ ஒன்று யுஆர்ட்டின் காலுக்கடியில் மாறியிருக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு புதிய போர்டு, இஎம்எம்சி (போர்டிலேயே இருக்கும் ஃபிளாஷ் ஸ்டோரேஜ்) டிரைவருக்கு டீபக் செய்திகளை இயக்கியிருந்தேன், அது நிறையப் பேசிக்கொண்டே வந்து ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே இடத்தில், சொல்லின் நடுவில், நின்றது. இஎம்எம்சி கோடில்தான் பிழை என்று மூன்று நாள் அதற்குள்ளேயே இருந்தேன். நான்காம் நாள் டிஎக்ஸ் பின்னில் ஆஸிலோஸ்கோப்பை வைத்தேன். எழுத்துகள் நிற்கவே இல்லை, தொடர்ந்து போய்க்கொண்டிருந்தன, உயரம் மட்டும் 3.3 வோல்ட்டிலிருந்து 1.8-க்கு இறங்கியிருந்தது. டிவைஸ் டிரீயில் இஎம்எம்சியின் ஐஓ சப்ளை என்று தவறான ரெகுலேட்டரை எழுதியிருந்தது, இஎம்எம்சி வேகமான மோடுக்குப் போகும்போது 1.8 வோல்ட் கேட்க, யுஆர்ட் பின்களின் சப்ளை சேர்ந்து இறங்கிவிட்டது. கன்வர்ட்டருக்கு அந்த உயரம் போதவில்லை, காதில் விழவில்லை. போர்டு பேசிக்கொண்டேதான் இருந்தது. அறுந்த சொல்லின் பொருள் அன்றைக்குத் தெரிந்திருந்தால் முதல் நாளே ஸ்கோப்பை எடுத்திருப்பேன்.

அதனால் ஒரு பழக்கம்: ஆபத்தான காரியத்துக்கு முன்பு, அதாவது கிளாக் மாற்றம், சப்ளை மாற்றம், ரீசெட், அடுத்த கட்டத்துக்குத் தாவல் இவற்றுக்கு முன்பு, ஃபிஃபோ வடியும் வரை காத்திருங்கள். 16550-இன் நிலைப் பதிவேட்டில் (ரிஜிஸ்டர்), 0-இலிருந்து எண்ணி, ஐந்தாவது பிட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது ஃபிஃபோ காலி என்று மட்டும்தான் சொல்லும், கடைசி எழுத்து இன்னும் வயரில் இருக்கும். ஆறாவது பிட்தான் எல்லாம் வெளியே போய்விட்டது என்று சொல்வது. யு-பூட்டின் புதிய பதிப்புகளில் இதற்கு ஃப்ளஷ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

லாக் லெவல்கள் எண்ணாக இருக்கின்றன. எது எதைக் குறிக்கிறது?

யு-பூட்டில் 0-இலிருந்து 9 வரை. எண் கூடக் கூட விவரம் கூடும். 3 என்றால் பிழை, 4 எச்சரிக்கை, 6 தகவல், 7 டீபக், 8-உம் 9-உம் பதிவேட்டுப் போக்குவரத்து வரை கொட்டும் நிலைகள். கோர்பூட்டில் 0-இலிருந்து 8.

டிரஸ்டட் ஃபர்ம்வேரில் பத்துப் பத்தாகப் போகும்: பிழை 10, நோட்டீஸ் 20, எச்சரிக்கை 30, தகவல் 40, முழு விவரம் 50. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, கவனியுங்கள். நோட்டீஸ் எச்சரிக்கைக்குக் கீழே வருகிறது, ரிலீஸ் பில்டின் இயல்பு நிலை 20. அதாவது ரிலீஸ் பில்டில் பதிப்பு எண்ணெல்லாம் அழகாக வரும், எச்சரிக்கைகள் மட்டும் வராது. "லாகில் எச்சரிக்கை எதுவும் இல்லையே" என்று நிம்மதி அடைவதற்கு முன் அது டீபக் பில்டா என்று பாருங்கள்.

லாக் கட்டளையில் லெவலை 7 ஆக்கினேன். ஒரு மாற்றமும் இல்லை.

ஓடும்போது காட்டும் லெவல் வேறு, கம்பைல் செய்யும்போது உள்ளே வைக்கும் உச்ச லெவல் வேறு. உச்சம் 6 என்று பில்ட் செய்திருந்தால் டீபக் செய்திகள் பைனரியிலேயே இல்லை, எந்தக் கட்டளையாலும் அவற்றைக் கொண்டுவர முடியாது. உச்சத்தை ஏற்றி மறுபடி பில்ட் செய்யுங்கள். அதைவிட, ஒரே ஃபைலில்தான் சந்தேகம் என்றால் அந்த ஃபைலின் தலையில், இன்க்ளூட் வரிகளுக்கு முன்பு, லாக் டீபக் மேக்ரோவை டிஃபைன் செய்தால் அது மட்டும் பேசும். மொத்த மரத்துக்கும் டீபக்கைத் திறந்துவிடுவது எனக்குப் பிடிக்காது. தேடுவது அந்த வெள்ளத்தில் முழுகிவிடும்.

டீபக்கை இயக்கியதும் எஸ்பிஎல் பில்டே ஆகவில்லை.

இடம் போதவில்லை. எஸ்பிஎல் சிப்புக்குள் இருக்கும் சின்ன எஸ்ராமில் ஓடுகிறது, ஆல்வின்னர் ஏ20 போன்றவற்றில் அதற்கு சில பத்து கிலோபைட்தான். ஒவ்வொரு செய்தியின் எழுத்துகளும் அதில்தான் உட்கார வேண்டும். சின்ன பிரிண்ட்எஃப் ஆப்ஷனை இயக்குங்கள் (அது எல்லா ஃபார்மட்டையும் புரிந்துகொள்ளாது), நீண்ட வாக்கியங்களுக்குப் பதில் ஒரு எழுத்தும் ஒரு ஹெக்ஸ் எண்ணும் போடுங்கள்.

ஒரு பிரிண்ட் வரி இருந்தால் எல்லாம் ஓடுகிறது, எடுத்தால் ஓடவில்லை!

அந்த வரி டிலே வேலை செய்துகொண்டிருக்கிறது. 80 எழுத்துள்ள ஒரு வரி 115200 வேகத்தில் ஏறக்குறைய 7 மில்லி வினாடி எடுக்கும். நெட்வொர்க் பிஹெச்ஒய் சிப் ரீசெட்டிலிருந்து எழ, ரெகுலேட்டர் முழு வோல்ட்டுக்கு ஏற, எஸ்டி கார்டு தயாராக அந்த நேரம் போதுமானதாக இருந்திருக்கும். பிரிண்டை அப்படியே விட்டுவிட்டு "சரி, ஓடுகிறதே" என்று போகாதீர்கள். யாராவது நாளைக்கு லெவலைக் குறைப்பார்கள், அன்று உடையும். அந்த இடத்துக்கு முன்னால் எந்தச் சிப்பை எழுப்பினீர்கள் என்று பார்த்து, அதன் டேட்டாஷீட்டில் ரீசெட்டுக்குப் பிறகு எவ்வளவு காத்திருக்கச் சொல்கிறது என்று படித்து, அந்த டிலேயை வெளிப்படையாக எழுதுங்கள்.

தலைகீழாகவும் நடக்கும். பிரிண்ட் போட்டால்தான் கெடுகிறது என்றால் வாட்ச்டாக்கைச் (குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் போர்டை ரீசெட் செய்யும் டைமர்) சந்தேகியுங்கள்.

லாக் பூட் நேரத்தை எவ்வளவு சாப்பிடும்?

115200-இல் வினாடிக்கு 11520 எழுத்து. 60 எழுத்தில் 200 வரி என்றால் 12000 எழுத்து, ஒரு வினாடிக்கு மேல் போய்விட்டது, அதுவும் பிராசஸர் சும்மா காத்திருந்து. வேகத்தைக் கூட்டலாம், அல்லது லாகை மெமரியில் சேர்த்துவைத்துப் பிறகு படிக்கலாம். கோர்பூட் இதை நன்றாகச் செய்கிறது: செய்திகளை மெமரியில் வைத்துவிடும், லினக்ஸ் எழுந்த பிறகு சிபிமெம் கருவியால் எடுத்துப் பார்க்கலாம். நேரத்தை மட்டும் அளப்பதாக இருந்தால் யு-பூட்டின் பூட்ஸ்டேஜ் அறிக்கை போதும், கட்டம் கட்டமாக மைக்ரோ வினாடியில் தரும்.

"பேட் சிஆர்சி, யூசிங் டிஃபால்ட் என்விரான்மென்ட்" என்று வருகிறது. ஃபிளாஷ் போய்விட்டதா?

புது போர்டில் இது சாதாரணம். சேமித்த மாறிகள் இன்னும் இல்லை, அவ்வளவுதான். ஒரு தடவை சேவ்என்வ் கட்டளையைக் கொடுங்கள். சேமித்த பிறகும் ஒவ்வொரு தடவையும் வந்தால், எழுதும் இடமும் படிக்கும் இடமும் வேறாக இருக்கிறதா என்று பாருங்கள்.

"ஸ்டார்ட்டிங் கெர்னல்" என்பதோடு எல்லாம் அமைதி.

இதுவும் அந்தக் கடைசி வரிச் சிக்கல்தான். கெர்னல் ஓடவில்லை என்று அர்த்தமல்ல, கெர்னல் பேசுவது உங்களுக்குக் கேட்கவில்லை என்று மட்டும்தான் தெரியும். பூட்ஆர்க்ஸில் (கெர்னலுக்கு யு-பூட் கொடுக்கும் ஆப்ஷன் வரி) கன்சோல் பெயர் தவறாக இருக்கலாம், டிவைஸ் டிரீ வேறு போர்டினுடையதாக இருக்கலாம், கெர்னலும் டிவைஸ் டிரீயும் மெமரியில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கலாம். முதலில் ஏர்லிகானை (கெர்னலின் ஆரம்பக் கட்டக் கன்சோல்) பூட்ஆர்க்ஸில் சேர்த்துப் பாருங்கள். அது ஒரு வரியாவது பேசினால் தாவல் சரி, கன்சோல் அமைப்புதான் தவறு.

"சிங்க்ரனஸ் அபார்ட்" என்று சொல்லி எண்களாகக் கொட்டுகிறது. அதை என்ன செய்வது?

அந்த எண்கள்தான் லாகிலேயே விலைமதிப்பானவை, ஸ்கிரீனை அழிக்காதீர்கள். யு-பூட் தன்னையே டி-ராமின் மேல்பகுதிக்கு நகர்த்திக்கொண்டு ஓடுவதால், ஓடும் முகவரியும் பில்ட் ஃபைலில் உள்ள முகவரியும் ஒத்துவராது. அதற்காகவே 64 பிட் ஆர்மில் இஎல்ஆர் (பிழை நடந்த முகவரி), எல்ஆர் (ஃபங்ஷன் திரும்பிப் போகும் முகவரி) மதிப்புகளை இரண்டு தடவை அச்சிடுகிறது. ரீலாக் என்று குறித்திருக்கும் வரியை எடுத்து, அதே பில்டின் யு-பூட் ஃபைலோடு ஆடர்டுலைன் கருவிக்குக் கொடுத்தால் ஃபைல் பெயரும் வரி எண்ணும் வந்துவிடும். "அதே பில்டின்" என்பது முக்கியம். இன்று காலை மறுபடி பில்ட் செய்த ஃபைலைக் கொடுத்தால் சம்பந்தமில்லாத ஒரு ஃபங்ஷனைக் காட்டும், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

நல்ல டீபக் செய்தி எப்படி இருக்க வேண்டும்?

"எஸ்டி இனிட் ஃபெயில்" என்ற வரி யாருக்கும் உதவாது. "எம்எம்சி1: கட்டளை 8, பிழை -110" என்று இருந்தால் எந்தக் கன்ட்ரோலர், எந்தக் கட்டளை, நேரம் கடந்துவிட்டது என்பதெல்லாம் ஒரே வரியில் தெரிகிறது. எண்ணை எப்போதும் அச்சிடுங்கள். -110 என்றால் பதில் வரவில்லை, -19 என்றால் டிவைஸே இல்லை, இரண்டுக்கும் தேட வேண்டிய இடம் வேறு. செய்யப் போவதற்கு முன்பு ஒரு வார்த்தை, செய்து முடித்த பிறகு முடிவு: யு-பூட்டே "டி-ராம்" என்று முதலில் போட்டுவிட்டு அளவைப் பிறகுதான் அதே வரியில் போடுகிறது. அளவு வராமல் நின்றால் எங்கே பார்ப்பது என்று கேட்கவே வேண்டியதில்லை.

விற்பனைக்குப் போகும் போர்டில் லாகை அணைத்துவிடலாமா?

வெளியீட்டையும் உள்ளீட்டையும் பிரித்து யோசியுங்கள். ஆபத்து பெரும்பாலும் உள்ளீட்டில்: ஒரு கீயை அழுத்தி ஆட்டோபூட்டை நிறுத்தி யு-பூட் கட்டளைவரிக்கு வந்துவிட்டால் மெமரியைப் படிக்கலாம், பூட்ஆர்க்ஸை மாற்றலாம். பூட்-டிலே (ஆட்டோபூட்டுக்கு முன் காத்திருக்கும் நேரம்) என்ற மாறியை -2 ஆக்கினால் காத்திருப்பும் இல்லை, குறுக்கிடவும் முடியாது. சேமித்த மாறிகளை யாரும் மாற்ற முடியாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியீட்டில் சாவிகள், கடவுச்சொற்கள், மெமரி முகவரிகள் ஒருபோதும் வரக்கூடாது. மற்றபடி பிழைச் செய்திகளை முழுக்க அணைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சைலன்ட் கன்சோலை இயக்கிய போர்டு ஒன்று களத்திலிருந்து திரும்பி வந்தால், அதோடு எந்தத் தகவலும் வராது. குறைந்தது ஒரு பிழை எண், எந்தக் கட்டம், ரீசெட்டின் காரணம் இவை மூன்றையாவது ரீசெட்டைத் தாண்டி நிற்கும் ஒரு பதிவேட்டிலோ மெமரி மூலையிலோ எழுதிவையுங்கள், கூடவே ஒரு செக்சம்மும். ஃபிளாஷில் ஒவ்வொரு பூட்டுக்கும் எழுதுவது வேண்டாம், அது தேயும்.

உதவி கேட்கும்போது எந்த லாகை அனுப்புவது?

முழு லாக். கரண்ட் கொடுத்த முதல் எழுத்திலிருந்து, டெக்ஸ்டாக, போட்டோவாக அல்ல. பிக்கோகாம், மினிகாம் இரண்டிலும் ஃபைலில் சேமிக்கும் வசதி இருக்கிறது, போர்டை ஆன் செய்வதற்கு முன்பே அதை இயக்கிவிடுங்கள். டியோ கருவியோ கிராப்சீரியலோ பயன்படுத்தினால் ஒவ்வொரு வரிக்கும் நேரமும் சேர்ந்து வரும், எங்கே இரண்டு வினாடி நின்றது என்பது அதில்தான் தெரியும். பிழை வந்த கடைசிப் பத்து வரியை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள், எஸ்பிஎல்லின் பதிப்பு எண்ணும் டி-ராம் அளவும் தலைப்பகுதியில்தான் இருக்கின்றன. சரியாக ஓடும் இன்னொரு போர்டின் லாகும் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள், இரண்டையும் டிஃப் போட்டால் முதலில் வேறுபடும் வரி கிடைக்கும். கடைசி வரியைப் பற்றிச் சொல்லும்போது, அது முழுதாக முடிந்ததா, சொல்லின் நடுவில் அறுந்ததா, ஒவ்வொரு தடவையும் அதே இடத்திலா என்பதையும் எழுதுங்கள்.